கடலூர் முதுநகரில் பல்செட்டுக்கு நிரந்தர நாள் ஒதுக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.
அனுப்புநர்: கடலூர் முதுநகர் பகுதி மக்கள்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டியவர்களில் முழுப் பல்லோடு இருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெற்றிலை, புகையிலை, சர்க்கரை வியாதி என்று ஆளுக்கொரு காரணம். ஆடுகிற பல்லைப் பக்கத்திலேயே காசில்லாமல் பிடுங்கிவிடுகிறார்கள், ஆனால் அந்த இடத்தில் பல் கட்ட சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

முழு செட் ஒரே நாள் வேலை இல்லை. பிடுங்கிய புண் ஆற வேண்டும், அப்புறம் ஈறுக்கு அச்சு எடுக்க ஒரு நாள், சரியான அளவுக்கு இன்னொரு நாள், கடிக்கும் மட்டம் பார்க்க ஒரு நாள், மெழுகில் பதித்த பல்லை வாயில் வைத்துப் பார்க்க ஒரு நாள் என்று போய், கடைசியில்தான் செட் கைக்கு வரும். ஒவ்வொரு தடவையும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ், துணைக்கு ஓர் ஆள், அவருக்கு அன்றைய கூலி போச்சு. தனியாரில் செய்துகொள்ள, 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்திய முதியோர் உதவித்தொகை எந்த மூலைக்கு?

முன்பு ஒரு முகாமில் பல்செட் இலவசமாகவே கொடுத்தார்கள், போட்டோவும் எடுத்தார்கள். அதில் பலது இப்போது டப்பாவில் கிடக்கிறது. பல் போன பிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டே வரும், முதல் வருடத்தில் அதிகம், அதனால் செட் லூஸாகிவிடும். மேல் செட்டாவது அண்ணத்தில் ஒட்டி நிற்கும், கீழ் செட்டை நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்துகிற இடத்தில் புண் வரும். மருத்துவர் லேசாகத் தேய்த்துக் கொடுத்தால் சில நிமிட வேலைதான், ஆனால் முகாம் போட்டவர்கள் திரும்பி வரவே இல்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா பொறுத்துப் பார்த்துவிட்டு, படகுக்குத் தேய்க்கும் உப்புத்தாளால் தானே தேய்க்கப் போய், மேல் செட் நடுவில் இரண்டாகிவிட்டது. தினம் மீன் சமைக்கிற வீட்டில் அவருக்கு வெறும் குழம்பும் கரைத்த சோறும்தான்.

அதனால் இன்னொரு முகாம் கேட்கவில்லை. கல்லூரியின் செயற்கைப் பல் பிரிவு மருத்துவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மாறாத ஒரு கிழமையில், முதுநகருக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். அச்சும் அளவும் இங்கே எடுக்கட்டும், செட்டை அங்கே லேபில் செய்யட்டும். அன்றைக்கே பழைய செட்டுகளையும் தேய்த்து, லூஸானதற்கு உள்பக்கம் புதிதாகப் பூசிக் கொடுக்க வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போடணும், கொதிக்கும் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும் என்பதையும் யாராவது சொல்லித் தரட்டும்.

நாலைந்து பல் மட்டும் போனவர்களையும் விட்டுவிட வேண்டாம். இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கிவிடும், பிறகு கழற்றி மாட்டும் சின்ன செட் வைப்பதும் சிரமம்.

கிழமையை மட்டும் முடிவுசெய்து ரேஷன் கடை போர்டில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களை அழைத்து வருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதுநகர் பகுதி மக்கள்