தக்கலையிலிருந்து மகளுக்கு

மக்ளே,

பணம் வந்து சேர்ந்தது. இந்த மாதமும் அதோடு ஒரு வார்த்தை இல்லை. அம்மை கேட்டதற்கு, கல்லூரியில் வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். இராத்திரிச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. அதை முதலில் எழுதச் சொன்னாள்.

உன் ஆய்வேட்டை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். கட்டுடைப்பு என்ற பெயரைப் பார்த்ததும் சம்மட்டியும் கடப்பாரையுமாக ஏதோ நினைத்திருந்தேன். அந்தக் கட்டுடைப்பைத் தொடங்கிய பிரெஞ்சுத் தத்துவக்காரர் தெரிதாவைப் பற்றிய அத்தியாயம் முதலில் ஓடவேயில்லை. ஒரு சொல்லுக்குத் தன்னளவில் பொருள் கிடையாது, மற்ற சொற்களிலிருந்து வேறுபடுவதால்தான் பொருள் வருகிறது, அந்தப் பொருளும் முழுசாக வந்து சேராமல் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்புறம்தான் பிடிபட்டது. ஆயுசு முழுக்க நில ஆதாரம், அதாவது பத்திரம், எழுதியவனுக்கு இது தெரியாத விஷயமா?

'கிழக்கே பனவிளை, தெற்கே ஓடை, மேற்கே நடைபாதை, வடக்கே கோயில் விளை, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட 12 சென்ட்' என்று எழுதுவோம். நம் விளையைச் சொல்ல உட்கார்ந்தால் எழுதுவதெல்லாம் அடுத்தவர் விளையைப் பற்றித்தான். அவர் ஆதாரத்தை எடுத்தால் அதில் எல்லையாக நம் விளை நிற்கும். முன் ஆதாரத்தைத் தேடினால் அது அதற்கும் முந்தினதைக் காட்டும். அது திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதிய கடுதாசியாக இருக்கும், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கும், அதுவும் வேறொன்றைக் கைகாட்டும். எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது என்று விரல் வைக்க ஒரு ஆதாரத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் நிலம் இருக்கிறது, தென்னை காய்க்கிறது. தெரிதாவைப் படித்துவிட்டு எதற்குமே அர்த்தமில்லை என்று கிளம்புகிறவர்களிடம் இதைச் சொல்லு. அவர்களை நீ மறுத்திருக்கும் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அம்மைக்கும் வாசித்துக் காட்டினேன்.

எழுதினவன், கொடுத்தவன், வாங்கினவன் எல்லாரும் போன பிறகும் எழுத்து செல்லுபடியாக வேண்டும், ஆள் இல்லாதபோதும் வேலை செய்வதுதான் எழுத்து என்று 1971-இல் மாண்ட்ரியலில் தெரிதா பேசியதும் சரிதான். பிளேட்டோ அதற்கு எதிர்ப்பக்கம். எழுத்தை யாராவது தப்பாகப் பேசினால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது, தகப்பன் வந்து துணை நிற்க வேண்டும் என்று அவர் எழுதியதை நீ எடுத்துக் காட்டியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரமாயிற்று. துணை நிற்கத் தகப்பனுக்கு விஷயம் தெரிய வேண்டுமே மக்ளே.

தெரிதா அல்ஜியர்ஸ் பக்கம் எல் பியாரில் 1930-இல் பிறந்தவர், யூதப் பிள்ளை என்று 1942-இல் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். அதைப் படித்தபோது, உள்ளே எது வெளியே எது என்று அவர் ஏன் விடாமல் கேட்டார் என்பது புரிந்தது. நமக்கும் அது புதுசில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தத் தமிழ்ப் பக்கம் வந்தன. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது நம் மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. சின்ன வயதில் அதன் மரத்தூண்களைக் கட்டிக்கொண்டு, இது யாருடையது அப்பா என்று கேட்டாய். அப்போதே கேட்கத் தெரிந்த பிள்ளை நீ.

கட்டிடக்கலை அத்தியாயத்தில் ஒன்று. 1988-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிலிப் ஜான்சனும் மார்க் விக்லியும் ஏழு கட்டிடக் கலைஞர்களுடைய வேலைகளைக் கட்டுடைப்புக் கட்டிடக்கலை என்று கண்காட்சி வைத்தார்களே, அங்கேயே விக்லி தெளிவாகச் சொல்லிவிட்டார்: கட்டிடத்தைக் கழற்றுவது இல்லை, அதற்குள் முதலிலிருந்தே இருக்கிற சிக்கலைக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்று. தெரிதாவும் 1983-இல் ஜப்பானிய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இடித்துத் தள்ளுவதாகத் தன் வேலையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறார். இதை நீதான் எழுதியிருக்கிறாய், அடிக்கோடு போட்டு. கட்டிடக் கலைஞர் ஐசன்மன் அமெரிக்காவில் ஒஹையோவில் கட்டிய வெக்ஸ்னர் மையத்தில் ஒரு தூண் தரையைத் தொடாமல் தொங்குகிறது, சரி. ஆனால் அதைத் தாங்குவதற்கு மேலே கூரை இருக்கிறது. எதையும் அவசரப்பட்டுப் பிரிக்காதே. பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள். நான் கட்டிடத்தைச் சொல்கிறேன்.

ஓணத்துக்கும் வரவில்லை, பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கும் வரவில்லை. எல்லாரும் கேட்டார்கள். என்ன சொல்லட்டும் என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதவில்லை, ஒரே விலாசம்தானே. தெற்கு விளை விவகாரம் அப்படியே கிடக்கிறது, நீ அதை யோசிக்க வேண்டாம். உன் பெயருக்கு உள்ளது உன் பெயரில்தான் இருக்கும், என்ன ஆனாலும். சாப்பிடு. இராத்திரி கண்விழித்துத் தாள் திருத்தாதே.

அம்மை பலாச்சக்கை வற்றல் கட்டி வைத்திருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு அதே பழைய விலாசத்துக்கு அனுப்புகிறேன். விலாசம் மாறியிருந்தால் புதுசை மட்டும் எழுதி அனுப்பு. காரணம் எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா