வாசகர் வட்ட ஆண்டறிக்கை: மேரி வுல்ஸ்டன்கிராஃப்டைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் (உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள்) வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதனால் இந்த ஆண்டு என்ன படித்தோம், எதற்குச் சண்டை போட்டோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போன பொதுக்குழுவில் ஆண்டு முழுக்க ஒரே புத்தகம் என்று தீர்மானம் போட்டோம் இல்லையா, அதன்படி 1792இல் லண்டனில் வெளியான, ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை எடுத்தோம். ஆங்கிலம் சிரமம் என்றவர்களுக்காக உறுப்பினர்கள் இருவர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் தமிழில் சுருக்கி எழுதி ஜெராக்ஸ் போட்டுத் தந்தார்கள். அந்தச் சுருக்கம் இல்லையென்றால் பாதிப்பேர் இரண்டாம் மாதமே நின்றிருப்போம். ஆறே வாரத்தில் எழுதி முடித்தார் என்று அவருடைய கணவர் வில்லியம் காட்வின் சொல்கிறார், படித்தாலும் அப்படித்தான் தெரிகிறது, சொன்னதையே சொல்வார், நடுவில் எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவார், ஆனால் வந்த இடத்தில் நறுக்கென்று ஒன்று சொல்லிவிடுவார்.

தொடங்கும்போதே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். அவர் வாழ்க்கைக் கதையைக் கடைசிக் கூட்டம் வரை யாரும் எடுக்கக் கூடாது. காரணம் இருக்கிறது. 1797 செப்டம்பரில், பிரசவமான சில நாட்களிலேயே, 38 வயதில் அவர் இறந்துபோனார். மறு ஆண்டே காட்வின் அவர் வாழ்க்கை வரலாற்றை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: இம்லே என்ற அமெரிக்கருடன் கல்யாணம் இல்லாமல் வாழ்ந்தது, அதில் பிறந்த குழந்தை, தற்கொலை முயற்சிகள், எல்லாம். பாசத்தில்தான் எழுதினார், ஆனால் எதிராளிகளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் புத்தகத்தின் பேரைச் சொல்லவே கௌரவமான ஆட்கள் கூசினார்கள். என்ன சொன்னாள் என்று கேட்பதற்கு முன்னால் எப்படி நடந்துகொண்டாள் என்று கேட்டார்கள். அதை நாமும் செய்ய வேண்டாமே என்றுதான்.

அவர் சொன்னது இதுதான். பெண்கள் அற்பமாக, பலவீனமாக, அழகைப் பற்றியே யோசிப்பவர்களாக இருக்கிறார்கள் என்கிறீர்களா, சரி, இருக்கிறார்கள், ஆனால் அப்படி ஆக்கியது நீங்கள் கொடுத்த வளர்ப்பு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762இல் எழுதிய 'எமில்' நூலில் பையனைச் சுதந்திர மனிதனாக வளர்க்கச் சொல்லிவிட்டு, அவனுக்கு மனைவியாகப் போகும் சோஃபியை அவனுக்குப் பிடித்த மாதிரி நடக்கப் பழக்கு என்கிறார். மேரி ரூசோவை மதித்தவர், அதனாலேயே கோபம் அதிகம். புத்தகத்தைப் பிரான்சின் அரசியல்வாதி டாலிராண்டுக்குச் சமர்ப்பணம் செய்ததிலும் ஒரு குத்தல் உண்டு. 1791இல் டாலிராண்டு கொடுத்த கல்வி அறிக்கை பெண்களை வீட்டு வாழ்க்கைக்குத் தயார் செய்தால் போதும் என்றது. மனித உரிமை பேசும் பிரெஞ்சுப் புரட்சியில் பாதி மனிதர்கள் எங்கே என்று மேரி நேராகவே கேட்டுவிட்டார்.

அதிகம் சத்தம் கிளம்பியது ராணுவம் வந்த கூட்டத்தில். இரண்டாம் அத்தியாயத்தில் மேரி பெண்களையும் படை அதிகாரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். இரு தரப்பும் சின்ன வயதிலேயே ஊர்கூடும் இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், அறிவு வளரும் முன்னால் நாகரிகம் கற்றவர்கள், உடை, நடனம், பிறரைக் கவர்வது இதிலேயே நேரம் போகிறது, கேள்வி கேட்காமல் கீழ்ப்படியப் பழகியவர்கள். அப்புறம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இயற்கையில் என்ன பெரிய வித்தியாசம்? படைப்பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் எழுந்து, 'நான் டான்ஸ் ஆடப் போகவில்லை அம்மா, பனியில் நின்றேன்' என்றார். நியாயம்தான். அந்தக் காலத்தில் காசு கொடுத்தே அதிகாரிப் பதவி வாங்கலாம் என்று விளக்கியதும் உட்கார்ந்தார், ஆனாலும் சமாதானமாகவில்லை. எனக்கு அந்தப் பத்திதான் புத்தகத்திலேயே கெட்டிக்காரத்தனமானது. பெண்ணின் குறை பிறவிக் குறை என்று சொல்பவர் வாயை அடைக்க, அதே குறை உள்ள ஆண்களைக் கொண்டுவந்து காட்டிவிட்டாரே!

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பள்ளிக்கூடம். 5 முதல் 9 வயது வரை ஏழை பணக்காரர், ஆண் பெண் எல்லோரும் ஒரே இடத்தில், இலவசமாக, ஒரே மாதிரி உடையில் படிக்க வேண்டும், சுற்றிலும் விளையாட இடம் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. நம் கணக்கு வாத்தியார் பூரித்துப்போனார். அடுத்த பக்கத்தில் 9 வயதுக்குப் பிறகு வீட்டு வேலைக்கும் கைத்தொழிலுக்கும் போகிறவர்களைத் தனிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார். வாத்தியார் முகம் மாறிவிட்டது. உண்மைதான், தான் முக்கியமாகப் பேசுவது நடுத்தர வர்க்கத்துப் பெண்களிடம் என்று மேரியே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். வேலைக்காரப் பெண்கள் ஓரமாக வந்து போகிறார்கள். தாய்மையைக் கடமை என்று அவர் அழுத்திச் சொல்வதும் நம் இளைய உறுப்பினர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் அறிக்கையில் பதியச் சொன்னார்கள், பதிந்துவிட்டேன்.

பெண்களுக்கு ஆட்சியில் பிரதிநிதிகள் வேண்டும் என்று, சிரிப்பீர்கள் என்று முன்னெச்சரிக்கையோடு, ஒரே வரியில் சொல்லிப்போகிறார். இங்கிலாந்தில் 30 வயது தாண்டிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்கு வந்தது 1918இல், ஆண்களுக்குச் சமமாக வந்தது 1928இல். பெண்கள் சம்பந்தப்பட்ட சட்ட விஷயங்களை இரண்டாம் பாகத்தில் எழுதுவதாகச் சொன்னார், அது எழுதப்படவே இல்லை.

நிர்வாக விஷயம் ஒன்று. ஞாயிறு மாலை 6 மணிக் கூட்டத்துக்குப் பெண் உறுப்பினர்கள் வருவதே இல்லை, அது டிபன் நேரம். 3 மணிக்கு மாற்றியதும் அறை நிரம்பியது. வந்த முதல் கூட்டத்திலேயே 'டீ போட யார் போகிறீர்கள்' என்று ஒரு குரல் கேட்டு, ஆண்கள் அத்தனை பேரும் அவர்கள் பக்கமே திரும்பிப் பார்த்தோம். பெண்கள் ஆண்கள் மேல் அதிகாரம் செய்ய வேண்டாம், தங்கள் மேல் அதிகாரம் இருந்தால் போதும் என்ற வரியை அன்றைக்குத்தான் படித்தோம். நூலகர் அம்மா அந்த ஜெராக்ஸ் தாளை மடித்துத் தலைவரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போது டீ முறைவைத்து, பெயர்ப்பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. பட்டியலில் இருந்தும் வராத இரண்டு பேர் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

கடைசிக் கூட்டத்தில் வாழ்க்கைக் கதையைத் திறந்தோம். குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், அம்மாவைக் காக்க அறை வாசலில் படுத்த சிறுமி, லண்டன் பக்கம் நியூயிங்டன் கிரீனில் நடத்திய பள்ளி, அயர்லாந்தில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பார்த்த வீட்டு ஆசிரியை வேலை, பேனாவால் பிழைக்க இடம் கொடுத்த பதிப்பாளர் ஜோசப் ஜான்சன். புத்தகத்தைப் படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த எழுத்தாளர் ஹன்னா மோர் பற்றிச் சொன்னபோது, அதைப் போலவே ஆண்டு முழுக்கப் படிக்காமல் கருத்து மட்டும் சொன்ன ஒருவரை எல்லோரும் பார்த்தார்கள். பெயர் வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு, 1791இல் பிரான்சில் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதி 1793இல் கில்லட்டினில் உயிரை விட்ட ஒலிம்ப் து கூஜ் வேண்டும் என்று ஒரு தரப்பு, பெண்ணுரிமைக்காக எழுதிய ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் வேண்டும் என்று இன்னொரு தரப்பு. கையைத் தூக்கி முடிவு செய்யலாம். என் கை கூஜுக்கு, பிரகடனம் சின்னது, ஜெராக்ஸ் செலவு குறையும். சந்தா பாக்கி உள்ளவர்கள் போகும்போது பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.