தெற்குவாசலில் கோட்டை வாசல் இருந்த இடத்தைக் குறித்து ஒரு கல் நடக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், தெற்குவாசல், மதுரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பே உரிய இடத்தில் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, பதில்தான் இல்லை. கடைசி மனுவுக்கு மட்டும் 'முடித்து வைக்கப்பட்டது' என்று போனில் குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்தார்கள் என்று புரியாமல் தங்களிடம் வருகிறேன்.

1. தெற்குவாசல் தாங்கள் அறியாத இடமல்ல. வில்லாபுரம் பாலம் ஏறுமுன் வண்டி நிற்குமே, அங்கேதான்.

2. விசுவநாத நாயக்கர் எழுப்பிய 72 கொத்தளக் கோட்டையை, 1837-க்குப் பின் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார். ஊர் நெருக்கடியில் திணறியது. இடித்ததில் எனக்குச் சண்டை இல்லை. மதில் போன இடத்தில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. அகழியைத் தூர்த்து வெளி வீதி போட்டார்கள். மேற்கே பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. இடித்தவர் நினைவாக விளக்குத்தூண் இருக்கிறது. தெற்கே இடிபட்ட வாசலுக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

3. விடுமுறை நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை மாசி வீதியிலிருந்து நடத்திக் கூட்டி வருகிறேன். தெற்குவாசல் வந்ததும் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் அவனியாபுரம் பஸ் திரும்புகிறது, மறுபக்கம் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் ஏற்றுகிறார்கள். காலுக்கடியில் டீக்கடை கழுவிய தண்ணீர். பிள்ளைகளைக் கடைப் படியோடு ஒட்டி நிறுத்தி, ஹாரனுக்கு மேல் கத்துகிறேன். "வாசல் எங்க சார்?" என்கிறார்கள். கையை நீட்டுகிறேன். நீட்டிய இடத்தில் மாவு மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது. "சார், சும்மா சொல்றீங்களா?" என்று ஒரு பையன் கேட்டே விட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா ஐயா? நாற்பது பிள்ளைகள் முன்னால் நான் கதை அளக்கிறவன் ஆகிவிட்டேன். பாடப் புத்தகத்தில் கோட்டை உண்டு, பஸ் டிக்கெட்டில் தெற்குவாசல் உண்டு, ரோட்டில் மட்டும் ஒன்றும் கிடையாது!

4. நான் கேட்பது மணிமண்டபம் அல்ல. மூன்றடிக் கல், அதில் நாலு வரி, பக்கத்தில் பிள்ளைகள் நிற்க ஓர் ஓரம். கம்பெனி காலத்துக் கோட்டை வரைபடங்கள் இருக்கின்றன. இன்றைய சர்வே படத்தோடு ஒத்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். இடித்தது ஒரு கலெக்டர் உத்தரவு. கல் நடவும் ஒரு கலெக்டர் உத்தரவு போட்டால் என்ன குறைந்துவிடும்? நிதி இல்லை என்பார்கள். சரி, கல் செலவைத் தெருக்காரர்கள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அனுமதி கொடுங்கள், போதும்.

5. தயவுசெய்து அந்தக் கல்லை நட உத்தரவிடுங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள். சர்வேயர் எந்த நாளில் வருவார் என்று தகவல் கொடுத்தால், கூடவே நின்று இடத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெற்குவாசல் பகுதிவாசி