சனிக்கிழமை ஜொகூர் பாரு: போகும் முன் படிக்கவும்

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகிறோம். காலை 7 மணிக்குக் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கூடுகிறோம். தாமதமாக வருபவர்களுக்குக் காத்திருக்க முடியாது. ஒன்பது மணியைத் தாண்டினால் சாவடியில் வரிசை அவ்வளவு நீளம்.

கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழில் இங்கே வேலை செய்பவர்கள், சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் உட்பட, மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்புங்கள். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். காசு கேட்டால் தளம் போலி. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது தேவையில்லை.

170எக்ஸ் பேருந்தில் போகிறோம். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சாவடியில் இறங்கும்போது பையெல்லாம் கையோடு எடுத்துவிடுங்கள், பேருந்துக் கட்டண அட்டையையும் தட்டுங்கள். பேருந்து நமக்காக நிற்காது. சோதனை முடிந்ததும் அதே எண்ணுள்ள அடுத்த வண்டி. பிரிந்துபோனவர்கள் ஜொகூர் பாருவில் உள்ள சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி வாசலுக்கு வந்துவிடுங்கள்.

திரும்பும்போதுதான் கவனம். 48 மணி நேரத்துக்குள் திரும்புவதால் ஆளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளிப் பொருள்வரைதான் ஜிஎஸ்டி இல்லை. மீறிய தொகைக்கு 9%. 150 வெள்ளிக்கு வாங்கினால் நாலரை வெள்ளி கட்டவேண்டும். வேலை அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். சிகரெட்டுக்கு ஒரு குச்சிகூட வரிவிலக்கில்லை. சூயிங்கம், வேப் தொடவே வேண்டாம்.

சொந்தக் காரில் வருபவர்கள்: சிங்கப்பூரை விட்டுப் புறப்படும்போது முக்கால் டேங்க் பெட்ரோல், மலேசிய வாகன நுழைவு அனுமதி இரண்டும் கட்டாயம். அங்கே ரோன்95 ரகப் பெட்ரோல் போடக்கூடாது, 97தான்.

ரயிலில் திரும்ப நினைத்தால் டிக்கெட்டை இப்போதே பாருங்கள். 5 ரிங்கிட்தான், அதனால்தான் கிடைப்பதில்லை.