தேவனாம்பட்டினத்து மொட்டைமாடியிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

அக்டோபர் கடைசி வார இறுதியில் நடந்த, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியினருக்கான சிக்யூ வேர்ல்டு வைட் குரல்வழிப் போட்டியில் எங்கள் ஐவர் குழு கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து கலந்துகொண்டு, யார் யாருடன் பேசினோம் என்ற தொடர்புப் பதிவேட்டை உரிய ஐந்து நாள்களுக்குள் அனுப்பிவிட்டது. முடிவு வெளிவர மாதங்கள் ஆகும். அதுவரை நன்றியைத் தள்ளிப்போடுவது முறையாகாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30 மணி முதல் திங்கட்கிழமை காலை 5.30 மணி வரை, 160 மீட்டர் தொடங்கி 10 மீட்டர் வரையிலான ஆறு பேண்டுகளில் (அலைநீளத்தால் பெயரிட்ட அலைவரிசைப் பகுதிகளில்) இயன்றவரை அதிக நாடுகளோடும், போட்டிக்காக உலகைப் பிரித்த மண்டலங்களோடும் பேசுவதே இந்தப் போட்டி. தமிழகம் 22ஆம் மண்டலத்தில் இருப்பதால் '59 22' (உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, எங்கள் மண்டலம் 22) என்பதையே இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரே நேரத்தில் இரு பேண்டுகளில் இரண்டு நிலையங்களை இயக்கலாம் என்ற பிரிவில் சேர்ந்ததால், எங்களுக்கு இரண்டு டிரான்ஸீவர்கள் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவிகள்), இரண்டு மேசைகள், இரண்டு ஆண்டெனாக்கள், இவற்றுக்கெல்லாம் இடம் தரும் ஒரு வீடு ஆகியவை தேவைப்பட்டன.

அந்த வீட்டைத் தந்த அம்மாவுக்கு முதல் நன்றி. மாடியில் கம்பம் நடுவதையும், படிக்கட்டு வழியே கேபிள் இறங்குவதையும், நள்ளிரவில் கேட்கும் எங்கள் உரத்த குரலையும் பொறுத்துக்கொண்டதோடு, இரண்டு இரவும் சுக்குக் காப்பி போட்டு மேலே அனுப்பினார். அவர் வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

புதுச்சேரி நண்பர் தம்முடைய ஐகாம் ஐசி-7300 டிரான்ஸீவரைத் தந்து உதவியதால்தான், எங்களிடம் இருந்த அதே மாதிரிக் கருவி ஒன்றுடன் சேர்த்து இரண்டாவது மேசையும் அமைந்தது. ஆண்டெனாவிலிருந்து வரும் அலையை நேரடியாக எண்களாக மாற்றும் இக்கருவி, பேண்டின் நிலவரத்தைத் திரையில் வாட்டர்ஃபாலாக (அருவிபோல் இறங்கும் வண்ணப் படமாக) ஓடவிடும்போது, எங்கே கூட்டம் நெரிகிறது, எந்த இரு நிலையங்களுக்கு நடுவே நாம் ஒதுங்கி அழைப்பு விடுக்கலாம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. டயலைத் திருப்பித் திருப்பியே தேடிப் பழகிய எங்கள் குழுவின் மூத்தவர் அந்தத் திரையின் முன் மெய்ம்மறந்து அமர்ந்திருந்ததை நான் மறக்கமாட்டேன். ஒவ்வோர் ஆபரேட்டரின் அமைப்புகளையும் எஸ்டி கார்டில் தனித்தனியே சேமித்துவைத்தால் ஆள் மாறும்போது நேரம் வீணாகாது என்று சொல்லி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பேருந்தில் வந்து எங்களுக்குப் பயிற்சியும் அளித்தார் அந்த நண்பர். இரு கணினிகளும் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ளும்படி இணைத்துக் கொடுத்தவரும் அவரே; ஒரு மேசையில் பதிந்த அழைப்புக்குறி (ஒரு நிலையத்தின் அடையாளப் பெயர்) மறுகணமே அடுத்த மேசையிலும் தெரிந்தது.

ஆனால் வியாழக்கிழமை மாலை ஒத்திகையில் எங்கள் நம்பிக்கை தளர்ந்துபோனது. 40 மீட்டரில் ஒருவர் பேசத் தொடங்கியதும் 20 மீட்டர் மேசையில் திரை முழுவதும் வெளுத்து, ரிசீவர் நிரம்பி வழிவதைக் காட்டும் எச்சரிக்கை எரிந்தது. கருவிகளில் குறையில்லை, இரண்டு ஆண்டெனாக்களையும் ஒரே மாடியில் அருகருகே கட்டியது எங்கள் பிழை. போதாததற்கு, 40 மீட்டரிலுள்ள 7.1 மெகாஹெர்ட்ஸின் இரண்டாம் ஹார்மோனிக் (அதன் இருமடங்கு அதிர்வெண்ணில் எழும் உபரி அலை) நேராக 20 மீட்டரிலுள்ள 14.2 மெகாஹெர்ட்ஸில் வந்து விழும். ஒவ்வொரு பேண்டுக்கும் அந்தப் பேண்டின் அலையை மட்டும் கடக்கவிடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்று இருந்தால் ஒரு மேசையின் அலை மறுமேசையின் காதை அடைக்காது. எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அன்றிரவே சென்னையிலுள்ள மூத்த ஹாம் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் எங்களை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. தாம் கையால் சுற்றிய காயில்களைக் கொண்டு பல ஆண்டுகளாகச் செய்துவைத்திருந்த ஃபில்டர்களை, பேண்டின் பெயரை ஒவ்வொன்றின்மேலும் எழுதி ஒட்டி, வெள்ளிக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் பேருந்தில் ஏற்றிவிட்டார். பெட்டியைத் தம் இருக்கைக்கு அருகிலேயே வைத்திருந்து, கடலூர்ப் பேருந்து நிலையத்தில் எங்கள் கையில் ஒப்படைத்த நடத்துநர் ஐயாவுக்கும் நன்றி. அன்றிரவு ஃபில்டர்களைப் பொருத்தி மறுபடியும் சோதித்தபோது, பக்கத்து மேசையில் 100 வாட்டுடன் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே, மெல்லிய குரலில் வந்த ஒரு தென்னமெரிக்க நிலையம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒருவரும் சற்றுநேரம் பேசவில்லை.

கம்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துச் சவுக்கு மரங்கள்தாம் எங்கள் கம்பங்கள். அவற்றை நிறுத்தி, நைலான் கயிறால் நான்கு புறமும் இழுத்துக் கட்டியவர்கள் தேவனாம்பட்டினத்து மீனவ அண்ணன்மார். நாங்கள் போட்டிருந்த முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு அவர்களே புதிதாகப் போட்டார்கள், ஒன்றுகூட நெகிழவில்லை. படகுகளில் பேச உதவும் விஎச்எஃப் வானொலிக் கருவிகளுக்கு எங்களால் இடையூறு வருமோ என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் அலைவரிசை 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அவர்களுடைய 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் என்றாலும், சொல்லோடு நிறுத்தாமல் கரையில் நின்ற படகிலேயே சோதித்துக் காட்டினோம். ஞாயிறு பிற்பகல், வானம் வெளிச்சமாக இருக்கும்போதே, "கொண்டல் திரும்பிடுச்சு தம்பி, வயரைக் கழட்டிடுங்க" என்று பெரியவர் ஒருவர் மாடியேறி வந்து சொன்னார். ஆண்டெனாக் கேபிள்களைக் கழற்றி வைத்துச் சிறிது நேரத்திற்கெல்லாம் இடியும் மின்னலும் தொடங்கின. இரண்டு மணி நேரத்தை இழந்தோம். இரவல் கருவியை இழக்கவில்லை.

தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் தீபாவளிக்காகத் தொங்கவிட்டிருந்த சீரியல் விளக்குதான் 80 மீட்டரில் எங்களைத் திணறடித்த இரைச்சலின் மூலம் என்பதை, கையில் ஒரு பேட்டரி வானொலியோடு தெருவில் நடந்து கண்டுபிடித்தோம். தயங்கித் தயங்கிக் கேட்டோம். இரண்டு இரவும் அவர் அதை அணைத்தே வைத்திருந்தார். பண்டிகைக் கால வியாபாரத்தில் அது சிறிய விட்டுக்கொடுத்தல் அல்ல.

சென்னை ஐயாவுக்கு ஒரு செய்தி. உங்கள் ஃபில்டர்களைத் துடைத்து, அதே பெட்டியில் அதே வரிசையில் அடுக்கிவைத்திருக்கிறோம். நவம்பர் இறுதியில் மோர்ஸ் போட்டிக்கு அவை உங்களுக்கு வேண்டும் என்பதை அறிவோம். இம்முறை பேருந்தில் அனுப்பப்போவதில்லை. வரும் ஞாயிறன்று நாங்கள் ஐவருமே கொண்டுவருகிறோம்.

அனைவருக்கும் 73 (ஹாம் மொழியில் நல்வாழ்த்துகள்).

அன்புடன்,
போட்டிக் குழுவினர் ஐவரின் சார்பில்,
தேவனாம்பட்டினம், கடலூர்