லேப்டாப்பும் சதமடிக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சித்திரை பிறந்தால் போதும், 'வேலூரில் வெயில் சதமடித்தது' என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறீர்கள். மோர் குடியுங்கள், குடை எடுத்துப் போங்கள், மத்தியானம் வெளியே போகாதீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியும் வருகிறது. சரி, வெளியே போகாமல் வீட்டுக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நாலு வரி போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் இருந்தபடி சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். போன மே மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு லேப்டாப் மாவு மிஷின் மாதிரி கத்த ஆரம்பித்து, எக்செல்லில் ஒரு எண்ணை அடித்தால் அது திரையில் வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. அதே லேப்டாப் விடியற்காலை ஐந்து மணிக்குச் சமர்த்தாக ஓடும். கடைக்கு எடுத்துப்போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, "போர்டு போச்சு சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்கள். உள்ளே பாகங்களெல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்த போர்டே போயிருந்தால் விடியற்காலையில் மட்டும் எப்படி ஓடும்?

நீங்கள் போடுகிற சதம் ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 38ஐக்கூடத் தொடாது. லேப்டாப்பின் மூளையான ப்ராசஸரின் சதம் நிஜமாகவே செல்சியஸ். பல லேப்டாப் ப்ராசஸர்களுக்கு 95, 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் எரிந்துபோகாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு சூட்டை இறக்கப் பார்க்கும், அதற்கும் அடங்காவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். 4 கிகாஹெர்ட்ஸ் வேகம் வரை போகக்கூடிய என்னுடையது, வேகத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், அன்று 1.2இல் நொண்டிக்கொண்டிருந்தது.

ஃபேன் இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஏசி இல்லை. ப்ராசஸர் மேல் படுத்திருக்கும் செம்புக் குழாய்க்குள் துளியூண்டு தண்ணீர் இருக்கும். அது சூட்டில் ஆவியாகி மறுமுனைக்கு ஓடி, அங்கே இருக்கும் மெல்லிய தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடி நீராகிக் குழாயின் உட்சுவரில் ஊறித் திரும்பி வரும். ஃபேன் செய்வதெல்லாம் அந்தத் தகடுகளுக்கு இடையே அறைக் காற்றைத் தள்ளுவதுதான். அறை பத்து டிகிரி கூடினால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை காலைச் சுடுகிற ஊரில் அந்தக் காற்றுதான் என்ன செய்யும்!

கடைசியில் என் அக்கா பையன்தான் கழற்றினான். ஃபேன் இறக்கைகள் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தன. ஃபேனை எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதற்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணியை அளவெடுத்து வெட்டிச் செருகியது போல ஒரு தூசிப் பட்டை. இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக வந்தது, தலைமுடியும் மெத்தைப் பஞ்சும் பின்னிக்கொண்டு. மெத்தைமேல் வைத்து வேலை செய்தது நான்தான், யாரைக் குறை சொல்ல? ப்ராசஸரின் சூட்டைக் குழாய்ப் பக்கம் கடத்த நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது, புதுசு தடவினான். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, இந்தக் கடிதமும் அதில்தான் அடிக்கிறேன்.

புளோயர் வைத்து ஊதுகிறவர்கள் ஒரு குச்சியால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ஈரத்துணி, ஐஸ் பொட்டலம் எல்லாம் வேண்டவே வேண்டாம், உள்ளே வேர்த்து நீர் இறங்கினால் நிஜமாகவே போர்டு போகும். இன்னொன்று, ப்ராசஸராவது சூட்டில் வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளும், பேட்டரிக்கு அந்த வழி இல்லை. பக்கத்திலேயே கிடந்து வெந்து சீக்கிரம் கிழடாகிவிடும், சிலது உப்பி டச்பேடையே தூக்கிவிடும். அப்படித் தூக்கினால் சார்ஜ் போடாமல் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூசி எடுக்க இவ்வளவு, பேஸ்ட் மாற்ற இவ்வளவு என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள். மார்ச் மாதமே வரிசையில் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.