தகுதிச்சுற்றில் வென்ற சீட்டைப் பணமாக்க வழி விடுங்கள்: இணையப் போக்கர் போட்டி நடத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பதிவு பெற்று இணையப் போக்கர் போட்டிகளை நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

சிறிய கட்டணத்தில் ஆடி, பெரிய போட்டிக்கான நுழைவுச் சீட்டை வெல்லும், சாட்டலைட் எனப்படும் தகுதிச்சுற்றுகள் எப்படி இயங்குகின்றன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவற்றை வடிவமைப்பவர்கள் நீங்கள். பல வருடங்களாக அவற்றில் ஆடி வருபவர்களில் நானும் ஒருவர். கடந்த மாதம் உங்கள் தளங்களில் ஒன்றில், 11 டாலர் தகுதிச்சுற்று ஒன்றில் ஆடி, 215 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட ஞாயிறு மாலைப் போட்டிக்கான சீட்டை வென்றேன். அந்தச் சீட்டைப் பணமாகவோ, நான் வழக்கமாக ஆடும் சிறிய போட்டிகளுக்கான வரவாகவோ மாற்றித் தரும்படி வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். சீட்டு அந்தப் போட்டிக்கு மட்டுமே செல்லும், பதிவை நீக்க இயலாது, பணமாக்கவும் இயலாது என்று பதில் வந்தது. ஆடாவிட்டால் என்ன ஆகும் என்று மீண்டும் கேட்டதற்கும் அதே பதில்தான், ஒரு சொல்கூட மாறாமல் வந்தது. தளத்தின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். இதே விதியை வேறு தளங்களிலும் கண்டிருக்கிறேன், ஆகவே இந்த மடல் உங்கள் அனைவருக்கும் உரியது.

நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு வேலை இருந்தது. உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் கேட்டு, மேற்பார்வையாளரின் முகச்சுளிப்பையும் ஏற்றுக்கொண்டு, அன்றைய வேலையை அவருக்குக் கொடுத்தேன். அன்றைய கூலியும் அவருக்கே போயிற்று. 5.50 டாலருக்கும் 11 டாலருக்கும் ஆடும் ஒருவருக்கு 215 டாலர் சிறிய தொகை அல்ல. அது 11 டாலர் போட்டிகள் பத்தொன்பதுக்கான கட்டணம், 5.50 டாலர் போட்டிகள் என்றால் முப்பத்தொன்பதுக்கான கட்டணம். நியாயமாக ஆடி வென்ற அந்தத் தொகையை, நான் தேர்ந்தெடுக்காத ஒரு நாளில், எனக்குக் கட்டுப்படியாகாத ஒரு மேசையில், ஒரே அமர்வில் பணயம் வைத்தாக வேண்டும், இல்லையேல் அது இல்லாமலே போகும் என்பதுதான் உங்கள் விதி.

மேசையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது மணி நேரத்தில் என்னிடம் ராஜா ஜோடி வந்தது. இடப்பக்கம் இருந்தவர் பத்து ஜோடியுடன் தன் சிப்புகள் முழுவதையும் முன்தள்ளினார், நான் சரி என்றேன், மேசையில் திறந்த பொதுச் சீட்டுகளில் அவருக்கு எதுவும் வரவில்லை, அவர் வெளியேறினார். போட்டியின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது, அதே பெயர் வேறொரு மேசையில், தொடக்கச் சிப்புகள் முழுவதோடும் அமர்ந்திருந்தது. தாமதப் பதிவு (போட்டி தொடங்கிய பின்னும் பதிவு செய்ய விடும் நேரம்) முடியும் வரை எத்தனை முறையும் மறுநுழைவு செய்யலாம் என்பது விதி. அவருக்கு அந்தத் தோல்வியின் விலை இன்னொரு 215 டாலர். அதை யோசிக்க அவருக்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பிறகு, பரிசு எல்லைக்குச் சற்று முன்னர், என் ஏஸ்-கிங்கை ஒரு சிறிய ஜோடி வென்றது; நான் வெளியேறினேன். எனக்குத் தொடக்கம் முதலே மறுநுழைவு என்ற பேச்சே கிடையாது. சீட்டு இழப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, போக்கர் அப்படித்தான். ஒரே விதிகளின் கீழ் அமர்ந்தும், ஒருவருக்குப் பல உயிர்களும் இன்னொருவருக்கு ஒரே உயிரும் உள்ள மேசையில் என்னை அமரும்படி கட்டாயப்படுத்தியதுதான் என் புகார்.

பல மேசைப் போட்டிகளில் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான் பரிசு பெறுகிறார்கள். பரிசுத் தொகையின் பெரும் பகுதியும் கடைசி மேசைக்கே போகிறது. திறமையான ஆட்டக்காரர்கூட மாதக்கணக்கில் தொடர்ந்து இழக்க நேரிடும் என்பதால்தான், கையிருப்பு குறைந்தது நூறு நுழைவுக் கட்டணங்களாவது இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். 11 டாலருக்கு அந்தக் கணக்கு 1,100 டாலர். 215 டாலருக்கு 21,500 டாலர். உங்களில் பலர் பொறுப்பான விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் இதே அறிவுரையைச் சொல்கிறீர்கள்: தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஆடுங்கள் என்கிறீர்கள். அதைக் கடைப்பிடிக்க விரும்பும் ஒருவர் சீட்டைத் திருப்பித் தர முன்வந்தால், உங்கள் விதியே அவரைத் தடுக்கிறது. ஆகவே கேட்கிறேன்: சீட்டை வென்றவர் விரும்பினால், அதைப் பணமாகவோ சிறிய போட்டிகளுக்கான வரவாகவோ எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள்.

இதில் கட்டணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது, அதையும் நேராகச் சொல்கிறேன். 11 டாலர் தகுதிச்சுற்றில் 10 டாலர் பரிசுக்கும் 1 டாலர் நிறுவனத்துக்கும் போகிறது என்று கொள்வோம். ஒரு சீட்டுக்காக 22 பேர் ஆடினால், அவர்கள் போடும் 242 டாலரில் 22 டாலர் உங்களுடையது. மீதி 220 டாலரில் 215 டாலர் சீட்டாகிறது. அந்த 215 டாலரிலும், 200 பரிசுக்கும் 15 உங்களுக்கும் எனப் பிரிந்தால், மீண்டும் 15 டாலர் உங்களுடையது. ஆக, கீழ்த்தட்டு ஆட்டக்காரர்கள் போட்ட 242 டாலரில் 37 டாலர் பெரிய போட்டியின் முதல் ஆட்டச்சீட்டு விழுவதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஏறக்குறைய பதினைந்து. நேரடியாகப் பணம் கட்டி நுழைபவரோ 215க்கு 15 மட்டுமே தருகிறார். இரண்டு முறை கட்டணம் செலுத்தியவருக்குத்தான் தன் சீட்டின் மீது எந்த உரிமையும் இல்லை.

சிறிய தொகைக்கு ஆடுபவரே விகிதத்தில் அதிகம் செலுத்துகிறார் என்பது போக்கர் உலகில் புதிய செய்தி அல்ல. இணையப் போக்கர் தளமான போக்கர்ஸ்டார்ஸ் 2009 முதல் நடத்திவரும் வசந்தகாலத் தொடரான ஸ்கூப், போட்டிகளைத் தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த என்று மூன்று நிலைகளில் நடத்துவதால் பெயர் பெற்றது. அதன் முதன்மைப் போட்டிக்கு 109, 1,050, 10,300 டாலர் எனக் கட்டணம் வைக்கப்பட்டு வந்துள்ளது. இவற்றில் நிறுவனத்தின் பங்கு முறையே 9, 50, 300 டாலர்: பரிசுக்குப் போகும் தொகையில் நூற்றுக்கு ஒன்பது, ஐந்து, மூன்று. அந்த வடிவத்தில் எனக்குப் பிடித்த அம்சமும் உண்டு. ஒரே ஆட்டத்தை அவரவர் தாங்கும் விலையில் ஆடலாம் என்ற எண்ணம் மதிப்புக்குரியது. ஆனால் நிலைகளுக்கு இடையே பத்து மடங்கு தாண்டல் இருக்கிறது. நடுவில் படிகள் இல்லாத ஏணியில் ஏறச் சொல்வது போன்றது அது. 2022 ஏப்ரல் 4 அன்று ஒன்ராறியோவின் சந்தை திறக்கப்பட்டு, இங்குள்ளவர்கள் மாகாணத்துக்குள் இருப்பவர்களுடன் மட்டுமே ஆடலாம் என்று ஆனபின், இந்த இடைவெளி இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. முன்பு ஆள் நிறைந்திருந்த 30, 50 டாலர் போட்டிகளில் வாரநாள் மாலைகளில் போதிய ஆள் சேராததை நானே பார்த்திருக்கிறேன். நிதானமாக மேலே போக விரும்புபவருக்கு அந்த நடு நிலைதான் பள்ளிக்கூடம். அங்கேதான் மூன்று பேர் சேர்ந்து பார்க்கும் பிளாப்புகள் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள்) குறைந்து, ஒருவர் உயர்த்திய பந்தயத்தை மீண்டும் உயர்த்தும் மறு-உயர்த்தலும் சிறிய பந்தயங்களின் அழுத்தமும் பழக்கமாகின்றன. கீழ்நிலையில் பொறுமையாக நல்ல ஆட்டச்சீட்டுகளுக்குக் காத்திருந்து பணம் பெறக் கற்றவர், உயர்நிலையில் அதே பொறுமையால் சிப்புகள் கரைந்து வெளியேறுகிறார். கீழ்நிலைக்குத் திரும்பி வருபவரின் சிக்கல் வேறு: அங்கே பழகிய பொய்த்தள்ளல்களை (கையில் ஒன்றுமில்லாமல் பந்தயம் கட்டி மிரட்டுவதை) இங்கே செய்கிறார், யாரும் கையிலுள்ள ஆட்டச்சீட்டைக் கீழே போடுவதில்லை.

2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் தகுதிச்சுற்றிலிருந்து கிளம்பி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் மற்ற 838 பேரை முந்தி 25 லட்சம் டாலர் வென்றார். இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு வெற்றியின் மேல் வளர்ந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் நானும் ஆடத் தொடங்கினேன். ஆனால் விளம்பரத்தில் அவர் முகத்தை வைக்கும்போது, சீட்டைப் பணமாக்கிக்கொள்ள விரும்பும் நூறு பேருக்கும் அதே விளம்பரம்தான் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணத்தையும் அறிவேன். எல்லோரும் சீட்டைப் பணமாக்கினால் பெரிய போட்டிக்கு ஆள் குறையும், உறுதியளித்த பரிசுத்தொகையை நீங்கள் கையிலிருந்து நிரப்ப நேரிடும் என்பீர்கள். அந்தக் கவலை உண்மையானது. அதற்கு வழியும் உண்டு. போட்டி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்புவரை மட்டும் மாற்ற அனுமதிக்கலாம். ஒரு தொடருக்கு ஒரு முறை என்று வரம்பு வைக்கலாம். இரண்டாவது கட்டணமான 15 டாலரைப் பிடித்துக்கொண்டு 200 டாலரை மட்டும் தரலாம். இவற்றில் எதையும் நான் ஏற்பேன். முழு மறுப்பை மட்டும் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. அதற்கு முன் தமிழ்நாட்டில் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழுவும், 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஆராய்ந்தன. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று உயர் நீதிமன்றம் ஏற்றது. அப்படி ஏற்கப்பட்ட பின்னரும் கதவு மூடப்பட்டது. ஆடுபவர்கள் அடிமையாகி, பணத்தை இழந்து, கடனுக்குள் இழுக்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டே அங்கே திரும்பத் திரும்ப எழுந்தது. ஒன்ராறியோவில் அந்த நிலை வரக் கூடாது என்று விரும்புபவன் நான். அதனாலேயே, இழுக்கும் விதிகளை நீங்களே மாற்றுங்கள் என்கிறேன்.

ஆத்திரத்தில் சில சொற்கள் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே: அடுத்த தொடரின் விதிமுறைகளை வெளியிடும்போது, தகுதிச்சுற்றில் சீட்டை வென்றவர் அதைப் பணமாகவோ சிறிய போட்டிகளுக்கான வரவாகவோ மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை, அதற்கான காலக்கெடுவோடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். அந்த வரியைச் சேர்க்க முடியாது என்று முடிவு செய்தால், வாடிக்கையாளர் சேவை வழியாக அல்லாமல், போட்டிகளை வடிவமைக்கும் பிரிவிலிருந்து காரணத்தைப் பொதுவில் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ரொறன்ரோவிலிருந்து ஒரு ஆட்டக்காரன்